வட்டார உறுப்பினரும் லயத்து வாக்காளரும்: மலையக உள்ளூராட்சி பற்றிய ஒரு நோக்கு

பிரதிநிதி என்னும் சொல்லும் பிரதிபலிப்பு என்னும் சொல்லும் தமிழில் அருகருகே வழங்குவன. முன்னையது ஒருவருக்குப் பதிலாக நிற்பவரைச் சுட்டும். பின்னையது ஒன்றன் சாயலை மற்றொன்று காட்டுவதைச் சுட்டும். மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஒருவர் அவர்களுக்குப் பதிலாக நின்றாற் போதுமா, அன்றி அவர்தம் எண்ணங்களையும் தம்மிடத்தே காட்டுதல் வேண்டுமா என்பது மேலைத்தேய அரசியற் சிந்தனையில் நெடுங்காலமாக நிலவிவரும் விவாதமாகும். 1774ஆம் ஆண்டு பிறிஸ்டல் நகர வாக்காளர் முன்னிலையில் உரையாற்றிய எட்மண்ட் பேர்க், உறுப்பினர் தம் சொந்த மதியை வாக்காளரின் விருப்பத்திற்கு விட்டுக்கொடுத்தல் ஆகாதென வாதிட்டார். ஆறு ஆண்டுகளின் பின் அதே தொகுதியை அவர் கைவிட நேர்ந்தமை வேறு கதை. எனினும், இவ்விவாதம் பேரரசொன்றின் பாராளுமன்றத்தை மனத்திற்கொண்டு எழுந்தது என்பதை மறத்தல் கூடாது. தெருவிளக்கு, குடிநீர், வடிகால், சுடலைக்குச் செல்லும் பாதை என்பன பற்றித் தீர்மானிக்கும் உள்ளூராட்சி மன்றத்தில் பேர்க் போற்றும் உயர்ந்த மதிக்கு வேலை குறைவு. எந்தப் பாதை முதலிற் செப்பனிடப்படல் வேண்டும் என்பதை அதில் நாள்தோறும் கொழுந்துக் கூடையுடன் நடப்பவரே நன்கறிவர். அவரது அறிவைச் சபைக்குக் கொண்டு செல்வதே அங்கு உறுப்பினரின் முதற் கடனாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பகுதிகளை நோக்குமிடத்து, அங்கு தெரிவு செய்யப்படும் உறுப்பினர் யாரைப் பிரதிபலிக்கின்றார் என்னும் வினா எழுகின்றது. அவர் எவரையும் பிரதிபலிக்கவில்லை எனக் கூறுவது எளிது. மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அவ்வாறே கூறப்படுகின்றது. ஆயின் அக்கூற்று உண்மையை ஆழ நோக்காத ஒன்றாகும். அவர் ஒருவரைப் பிரதிபலிக்கவே செய்கின்றார். அவ்வொருவர் சம்பளத் துண்டில் சந்தாக் கழிக்கப்படும் தொழிற்சங்க அங்கத்தவர் ஆவார். வாக்காளரும் அவரும் ஒருவரே என்னும் நிலை முன்னொருகால் இருந்தது; இன்று இல்லை. மலையக உள்ளூராட்சியின் குறைபாடுகளுட் பெரும்பாலானவை இவ்விடைவெளியிலிருந்து பிறப்பன.

இவ்விடைவெளி தோன்றியவாற்றை அறிதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். தமிழரின் உள்ளூராட்சி மரபு பற்றிப் பேசுவோர் அனைவரும் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களை எடுத்துக்காட்டுவர். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அச்சாசனங்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஓலையெடுத்து வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தமை உண்மையே. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் இடம்பெறலாகாது என்னும் விதி இன்றைய சபைகள் பலவற்றுக்கும் பொருத்தமுடையது. ஆயின் இப்பெருமையைப் பேசுவோர் அதே கல்வெட்டு வகுக்கும் தகுதிகளைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவர். கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலம் உடைமை, தன் மனையிலே வீடு கட்டி வாழ்தல் என்பன அவற்றுட் சில. அது பிராமணச் சபையொன்றின் ஏற்பாடு என்பதும் கருதற்பாலது. நிலமும் தன் மனையும் உடையோனே ஊர்க் காரியத்திற் கலந்துகொள்ளத் தக்கவன் என்னும் கருத்து ஆயிரம் ஆண்டுகளின் பின் கடல் கடந்து வந்த தோட்டத் தொழிலாளியை வேறொரு சட்டத்தின் வடிவில் எதிர்கொண்டது. அவர் வாழ்ந்தது தன் மனையில் அன்று, துரையின் லயக் காம்பராவில்.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைக் கிராமங்களுக்கென அமைந்த கிராமச் சங்கங்களில் தோட்டத் தொழிலாளர் இடம்பெறவில்லை. 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியபோதும், இந்திய வம்சாவளியினர்க்கு அது வதிவிட நிபந்தனைகளுடனேயே கிட்டியது. 1937இல் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளர்க்கு உள்ளூர் வாக்குரிமை மறுக்கப்பட்டது. இவ்வரிசை கவனித்தற்குரியது. நாட்டின் சட்டசபைக்கு ஓரளவு வாக்களிக்கத் தக்கவர் எனக் கொள்ளப்பட்ட ஒருவர், தாம் குடியிருக்கும் பிரதேசத்தின் கிராமச் சங்கத்திற்கு வாக்களிக்கத் தகாதவராயினர். பொதுவாக உலக நாடுகளில் வாக்குரிமை உள்ளூரில் தொடங்கி மேல்நோக்கி வளர்ந்தது என்பர். மலையகத்திலோ அது தலைகீழாக நிகழ்ந்தது. பாராளுமன்றத் தலைவரை அறிந்த ஒரு சமுதாயம், தன் பீலிக்கரைக்குப் பொறுப்பான உறுப்பினர் ஒருவரை அறியாமலே பல தலைமுறைகளைக் கழித்தது.

அவ்வெற்றிடத்தைத் தொழிற்சங்கம் நிரப்பியது. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் அடுத்த ஆண்டிலேயே தொழிற்சங்கமாகவும் விரிந்தது. 1940இன் தொடக்கத்தில் முல்லோயாவில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்ட போராட்டம் தோட்டமெங்கும் சங்கம் என்னும் சொல்லைக் கொண்டு சென்றது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அக்காங்கிரஸ் ஏழு இடங்களைக் கைப்பற்றியது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றஞ் சென்றமை அப்போதே. ஒரு கவிஞரைத் தோட்டத் தொழிலாளர் தம் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தமை தமிழிலக்கிய மாணவர்க்குச் சிறப்பாக நினைவிற்கொள்ளத் தக்கது. பிரதிநிதியும் பிரதிபலிப்பவரும் ஒருவராகவே அமைந்த அரிய நிகழ்ச்சி அது. ஆயின் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து 1949இல் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்காளரைப் பட்டியலிலிருந்தே நீக்கின. 1952இல் அம்மக்களின் உறுப்பினர் ஒருவரேனும் தெரிவாகவில்லை. சி. வி. தம் ஆசனத்தை இழந்தார். லயத்து வாழ்வை எழுதிய அவரது எழுத்து எஞ்சியது.

அதன் பின்னர் 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியிலிருந்து தொண்டமான் மீண்டும் தெரிவாகும் வரை ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் மலையக மக்கள் தம் உறுப்பினர் எவரையும் வாக்களித்துத் தெரிய இயலாதிருந்தனர். 1964, 1974ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் அவர்களை எண்களாகப் பங்கிட்டன. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் சிறிது சிறிதாக மீண்டது. இவ்வளவு காலமும் தொழிலாளி ஒருவர்க்கு எஞ்சியிருந்த ஒரே பிரதிநிதித்துவம் சங்கப் பிரதிநிதித்துவமே. லயத்துக் கூரை ஒழுகினாலும், பிள்ளை மடுவத்திற்கு ஆள் இல்லையெனினும், பொலிசார் எவரையேனும் பிடித்துச் சென்றாலும் அவர் சென்ற இடம் தோட்டத் தலைவரின் வீடு. அத்தலைவர் துரையின் காரியாலயத்திற்குச் செல்வார். தீராதவிடத்து ஹட்டனிலோ தலவாக்கலையிலோ உள்ள சங்கக் காரியாலயத்திற்குச் செல்வார். தொழிற்சங்கங்களைக் குறைகூறுவது இன்று எளிய பொழுதுபோக்காகிவிட்டது. நாடற்றவராக்கப்பட்ட ஒரு கூட்டத்தினர்க்கு நாவாக இருந்த நிறுவனம் அதுவே என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே அதன் மீதான எந்த விமர்சனமும் நேர்மையுடையதாகும்.

சங்கப் பிரதிநிதித்துவத்தின் வலிமை எங்கே இருந்தது என்பதும் ஆராயத்தக்கது. அது சந்தாவில் இருந்தது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்டுச் சங்கத்திற்குச் செல்லும் அச்சிறு தொகையை அவர் விரும்பின் நிறுத்தலாம். வேறொரு சங்கத்திற்கு மாற்றிக் கையொப்பமிடலாம். ஒரு டிவிசனில் நூறு பேர் அவ்வாறு மாறினால் மாவட்டக் காரியாலயம் கலங்கும். தலைவர்கள் வாகனத்தில் வந்திறங்குவர். ஆகவே தோட்டத் தொழிலாளியிடத்தே இரு வாக்குகள் இருந்தன எனலாம். ஒன்று நான்காண்டுக்கொருமுறை இடப்படும் புள்ளடி. மற்றையது மாதந்தோறும் இடப்படும் சந்தா. இரண்டாவதே கூர்மையானது. அரசியல்வாதி தம்மை அடிக்கடி அளப்பவர்க்கே அஞ்சுவார். பிரதேச சபை உறுப்பினரும் சங்கத்தின் தோட்டத் தலைவராகவோ மாவட்டப் பிரதிநிதியாகவோ இருந்து, அச்சங்கத்தின் அருளாற் பட்டியலில் இடம்பெற்றவராதலின், சந்தாவின் குரலுக்கே செவிசாய்த்தமையில் வியப்பில்லை.

சட்டமும் அதற்குத் துணைநின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ் அமைந்த சபைகளுக்கு 1991இல் முதன்முறையாகத் தேர்தல் நடைபெற்றபோது தோட்ட மக்கள் வாக்களித்தனர், உறுப்பினராகவும் தெரிவாயினர். ஆயின் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைக் கொண்டு பணியாற்றுவதற்குத் தடையாக விளங்கியது. தோட்டம் நிருவாகத்தின் ஆட்சிக்குட்பட்ட காணி. அதனுள் ஓடும் பாதை பொதுப்பாதை ஆகாது. அதிலுள்ள லயம் சபையின் பொறுப்பாகாது. 1992இல் அரச தோட்டங்கள் பிரதேசக் கம்பனிகளின் கைக்கு மாறிய பின்னரும் இந்நிலை மாறவில்லை. அதன் விளைவு விந்தையானது. ஒருவர் தோட்டத்து வாக்குகளால் உறுப்பினராவார். ஆனால் தமக்கு வாக்களித்தோர் வாழும் இடத்தில் ஒரு மின்குமிழைத்தானும் சபையின் செலவிற் பொருத்தச் சட்டம் அவர்க்கு இடமளிக்கவில்லை. அவர் பணிசெய்யக்கூடிய இடம் அவர்க்கு வாக்களியாத கடைவீதியும் கிராமமுமே. பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்தும் அமைச்சுக்களிலிருந்தும் வந்த பணிகள் தோட்டங்களை எட்டவில்லை எனக் கூறுவதற்கில்லை. அவை மந்திரியின் கொடையாக வந்தன, சபையின் கடமையாக வரவில்லை.

இத்தடை முப்பது ஆண்டுகள் நீடித்தது. இதன் தீங்கு தோட்டப் பாதைகள் பழுதுற்றுக் கிடந்தமையோடு முடிந்திருப்பின் அது பொறியியலாளரின் விடயமாகிவிடும். உண்மையில் அது ஒரு தலைமுறைக்கு அரசியலைப் பிழையாகக் கற்பித்தது. உறுப்பினரிடம் எதையும் கேட்டுப் பயனில்லை என வாக்காளர் கற்றுக்கொண்டனர்; கேட்கப்படாதவராகவே நான்காண்டுகளைக் கழிக்கலாம் என உறுப்பினர் கற்றுக்கொண்டார். சபையின் வரவுசெலவுத் திட்டம் எத்தினத்தில் வாசிக்கப்படுகின்றது என்பதைத் தோட்டத்தில் அறிந்தவர் எத்துணையர்? அறிந்துதான் ஆவதென்ன? வரியிறுப்போர்க்கே சபை கடமைப்பட்டது, தோட்டத்தார் சோலைவரி செலுத்துவதில்லை என்னும் வாதமும் அவ்வப்போது எழுந்தது. லயக் காம்பரா தொழிலாளிக்கு உடைமையன்று. உடைமையில்லாத ஒன்றுக்கு வரி செலுத்தவில்லை என அவரைக் குறைகூறுவது எவ்வகை நியாயம் என்று வாதித்தவர்கள் கூறவில்லை. பயிர்ச்செய்கைக் காணிகளின் மீது சபை ஏக்கர் வரி விதித்தற்கு அதே சட்டம் வழி வைத்துள்ளமையும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அக்காணியின் விளைவு யாருடைய விரல்களால் உண்டாகின்றது என்பதை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

அக்காலச் சபைகளின் பருமனும் ஒரு காரணமாகும். 2018க்கு முன்னர் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தன. நாட்டின் ஏனைய பகுதிகளில் அத்தொகையினும் மிகக் குறைந்த மக்களுக்கு ஒரு சபை இருந்தது. விகிதாசார முறையில் தெரிவான உறுப்பினர்க்கு வட்டாரமும் இல்லை. சபையின் முழுப் பரப்பிலும் விருப்பு வாக்குத் திரட்ட வேண்டியவர் எந்த ஒரு தோட்டத்திற்கும் உரியவராகார். எல்லாத் தோட்டங்களிலும் கிளையுள்ள ஒரு நிறுவனத்திற்கே உரியவராவார். அத்தகைய நிறுவனம் சங்கத்தையன்றி வேறில்லை. இவ்வாறு சட்டம், பருமன், தேர்தல் முறை ஆகிய மூன்றும் உறுப்பினரை ஒரே திசையில் தள்ளின.

2017, 2018ஆம் ஆண்டுகளில் இம்மூன்றும் மாறின. நுவரெலியா பிரதேச சபையிலிருந்து அக்கரப்பத்தனை, கொட்டகலை என்பனவும், அம்பகமுவ பிரதேச சபையிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா என்பனவும் தனிச் சபைகளாகப் பிரிந்தன. உறுப்பினருள் நூற்றுக்கு அறுபது பேர் வட்டாரங்களிலிருந்தும் நாற்பது பேர் பட்டியலிலிருந்தும் தெரிவாகும் கலப்பு முறையில் 2018 பெப்ரவரி 10ஆம் நாள் தேர்தல் நடந்தது. அவ்வாண்டே 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டுத் தோட்டங்களில் பணியாற்றும் அதிகாரம் சபைகளுக்குக் கிட்டியது. இவை சிறிய வெற்றிகள் அல்ல. நெடுநாள் கோரிக்கையின் பயன்கள். எனினும் முப்பதாண்டுப் பழக்கத்தைத் திருத்தச் சட்டமொன்று ஓரிரவில் மாற்றிவிடாது. காணி இன்னும் கம்பனியின் குத்தகையிலேயே உள்ளது. சபை ஒரு பாதையைச் செப்பனிட விரும்பினும் நிருவாகத்தோடு பேசியே தொடங்குதல் வேண்டும். அப்பேச்சில் வலுவுடையவர் யார்? துரையோடு பேசிப் பழகிய சங்கத் தலைவரே. சட்டம் வாசலைத் திறந்தபோதும் திறவுகோல் பழைய கையிலேயே இருந்தது.

கலப்பு முறையும் எதிர்பார்த்த அளவிற்கு உறுப்பினரை வாக்காளரிடம் கொண்டுவரவில்லை. வாக்காளர் புள்ளடியிடுவது ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ. பட்டியலின் வழி வரும் நாற்பது வீதத்தினரைத் தேர்தல் முடிந்த பின் பெயர் குறிப்பவர் கட்சியின் செயலாளர். தவிசாளரையும் மக்கள் நேரே தெரிவதில்லை. ஒரு கட்சி பாதிக்கு மேற்பட்ட இடங்களைப் பெறின் அதுவே அவரைக் குறிக்கும். இன்றேல் உறுப்பினர் கூடி வாக்களிப்பர். 2025 மே 6ஆம் நாள் தேர்தலின் பின் நாட்டின் சபைகள் பலவற்றில் இவ்விரண்டாம் நிலையே ஏற்பட்டது. அப்போது வாக்கெடுப்பு வெளிப்படையாகவா இரகசியமாகவா நடைபெறல் வேண்டும் என்பதற்கே முதலில் ஒரு வாக்கெடுப்பு வேண்டியிருந்தது. இரகசிய வாக்கு என்பது எளியவரை வலியவரிடமிருந்து காத்தற்கென ஏற்பட்ட கவசம். கங்காணியும் துரையும் காணாதவாறு தொழிலாளி புள்ளடியிடுதற்கு அது வேண்டும். உறுப்பினர் தம் வாக்கை யாரிடமிருந்து மறைக்கின்றார்? ஜோன் ஸ்டுவர்ட் மில் 1861இல் பிரதிநிதித்துவ அரசாங்கம் பற்றி எழுதிய நூலில், வாக்கென்பது பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட ஒன்றாதலின் பொதுமக்களுங்கூட அதனை வெளிப்படையாகவே அளித்தல் வேண்டும் எனுமளவிற்குச் சென்றார். அவர் கூற்றை வாக்காளர் மீது சுமத்துதல் பொருந்தாது. உறுப்பினர் மீது சுமத்துவதில் தவறொன்றுமில்லை.

இனி, வாக்காளரும் மாறிவிட்டனர் என்பதே இவ்விடயத்தின் மையம். கம்பனிகள் பொறுப்பேற்ற 1992இல் அவற்றின் தோட்டங்களில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் பதிவு பெற்றிருந்தனர். இன்றோ அத்தொகை பாதிக்கும் கீழே வீழ்ந்துவிட்டது. லயங்கள் வெறுமையாகிவிடவில்லை. அதே காம்பராவில் கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் மகனும், ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்ற மகளும், ஓய்வு பெற்ற பாட்டனும், ஆசிரியையான மருமகளும் வாக்காளராக உள்ளனர். செக்ரோலில் பெயருடையவர் அவ்வீட்டில் ஒருவரே, சிலவிடத்து ஒருவருமில்லை. சந்தாக் கட்டாத இப்பெருந்தொகையினரின் தேவைகள் வேறு. சம்பள உயர்வு அவர்கள் வீட்டுக்கும் வேண்டியதே. அதனோடு பஸ் சேவை, நூலகம், காணியுறுதி, தபால் நேரே வீட்டுக்கு வருதல் ஆகியனவும் வேண்டும். கடைசியாகக் கூறியது அற்பமானதாகத் தோன்றலாம். தோட்டத்தார்க்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே சென்றடையும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு திகதி கடந்து கையில் கிடைத்த இளைஞர்க்கு, தம் வீட்டிற்கு இலக்கமும் தெருவிற்குப் பெயரும் வேண்டுமென்பது அரசியற் கோரிக்கையே. அது எந்தக் கூட்டு ஒப்பந்தத்திலும் இடம்பெறும் பொருளன்று. தெருவுக்குப் பெயரிடுதல் உள்ளூராட்சி மன்றத்தின் வேலை.

இவ்விளந்தலைமுறை சங்கத்துக்குப் புறத்தே நின்று பேசத் தொடங்கிவிட்டது. 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபா நாட்சம்பளங் கோரிக் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்புடை தரித்துத் திரண்ட இளைஞர், எந்தச் சங்கத்தின் அழைப்பையும் எதிர்பார்த்திருக்கவில்லை. அவர்களுட் பலர் தோட்டத்தில் வேலை செய்வோரும் அல்லர். தாய்க்காக வந்த பிள்ளைகள். 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு இடங்களில் ஐந்தினைத் தேசிய மக்கள் சக்தி பெற்றமையும் இந்நோக்கிற் கருதத்தக்கது. தோட்டங்களில் பெருஞ்சங்கம் எதனையும் அடிப்படையாகக் கொண்டிராத கட்சியொன்று அம்மாவட்டத்தில் அவ்வெற்றியைப் பெறக்கூடும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் கூறியிருப்பின் நகைத்திருப்பர். இதனை இன அடையாளத்தின் தேய்வெனக் கூறுவாரும் உளர், நாடெங்கும் வீசிய அலையின் ஒரு துளியெனக் கூறுவாரும் உளர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் சந்தாவும் புள்ளடியும் பிரிந்துவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. அப்புதிய கட்சியின் உறுப்பினர் லயத்தைச் சங்கத்தினும் நன்கு பிரதிபலிப்பர் என இதனாற் கொள்ளுதலும் அவசரமாகும். கொழும்பில் வகுக்கப்பட்ட கொள்கையை மலைக்கு எடுத்துச் சொல்பவராகவே அவர்கள் அமைவாராயின், முன்னர் சங்கக் காரியாலயம் இருந்த இடத்தில் கட்சிக் காரியாலயம் அமர்ந்தது என்பதே மாற்றமாக எஞ்சும்.

பெண்கள் விடயத்தில் இடைவெளி இன்னும் அகன்றது. கொழுந்து பறிப்போருட் பெரும்பாலோர் பெண்கள். சந்தாவிற் பெரும்பங்கு அவர்களுடையது. சங்கங்களின் தலைமைப் பீடங்களிலோ அவர்கள் மாதர் அணி என்னும் தனி அறையில் அமர்த்தப்பட்டனர். உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு பெண்களுக்கென 2016ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததன் பயனாக, அதுவரை நாடு முழுவதிலும் நூற்றுக்கு இரண்டளவில் இருந்த அவர்தம் தொகை 2018இல் இருபதுக்கு மேல் உயர்ந்தது. ஆயின் வட்டார வேட்பாளருட் பத்து வீதமும் மேலதிகப் பட்டியலில் ஐம்பது வீதமும் பெண்கள் என்னும் ஏற்பாட்டினால், பெண்கள் பெரும்பாலும் பட்டியலின் வாயிலாகவே சபைக்கு வந்தனர். பட்டியல் உறுப்பினர்க்கு வட்டாரம் இல்லை. தம்மைப் பெயர் குறித்த செயலாளர்க்கே அவர் கடமைப்பட்டவர். பெண்களைச் சபைக்குள் அழைத்த அதே சட்டம் அவர்களை வாக்காளரிடமிருந்து ஓரடி தள்ளியும் வைத்தது எனலாம். 2024இல் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்திற்கு வாக்குகளால் தெரிவாகியமை இதனோடு ஒப்பிடத்தக்கது. வாய்ப்பளித்தால் மலையக வாக்காளர் பெண்ணைத் தெரியார் என்னும் கட்சிகளின் சாக்கு அத்துடன் மெலிந்துவிட்டது.

கடலுக்கு அப்பால் இதே தேயிலை, இதே தமிழ், இதே சங்கம் உள்ள மூணாறில் நிகழ்ந்த ஒன்றையும் இவ்விடத்திற் சுட்டலாம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் 2015 செப்டெம்பரில் போனஸ் குறைக்கப்பட்டபோது, தமிழ்ப் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தனர். சங்கத் தலைவர்களைத் தம் அருகிலும் வரவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ எனத் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்ட அவர்கள், அவ்வாண்டு இறுதியில் நடந்த பஞ்சாயத்துத் தேர்தலிலும் போட்டியிட்டுச் சில இடங்களை வென்றனர். அவ்வியக்கம் விரைவில் தளர்ந்தது; அதன் முன்னணியினர் பழைய கட்சிகளை நாடினர் என்பதும் உண்மை. எனினும் சந்தாவின் மீதெழுந்த சினம் சில வாரங்களுள் உள்ளூர் வாக்காக மாறுதல் இயலும் என்பதை அது காட்டிற்று. அம்மாற்றத்திற்குரிய வாய்க்கால் அங்கே இருந்தது. வட்டாரம் சிறியது, வேட்பாளரின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இருந்தது, வாக்காளர் நேரே கூடும் கிராம சபை 1992ஆம் ஆண்டின் எழுபத்து மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தினால் சட்டமுறையான இடத்தைப் பெற்றிருந்தது. நுவரெலியாவின் சபைகளில் வாக்காளர் கூடிக் கணக்குக் கேட்கும் அத்தகைய ஏற்பாடு நடைமுறையில் இல்லை.

இவ்விடத்து, 2023 மார்ச் 19ஆம் நாள் முதல் 2025 மே வரையிலான காலம் ஓர் ஆய்வுகூடம் போன்றது. சபைகளின் பதவிக்காலம் முடிந்தது; அம்மாதம் 9ஆம் நாள் நடைபெறவிருந்த தேர்தல் நிதியில்லை என்னும் காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது; அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாண்டுகளுக்கு மேலாக அதிகாரிகளே சபைகளை நடத்தினர். உறுப்பினர் இல்லாத அவ்விரண்டாண்டில் ஹட்டன் நகரத்துக் கடைக்காரர்க்கு முறையிட ஆளின்மை உறைத்திருக்கும். சந்தைக் குத்தகையும் குப்பை வண்டியும் அவரது அன்றாட விடயங்கள். அதே காலத்தில் ஒரு தோட்டத்தின் மேற்கணக்கில் வாழ்ந்தவர்க்கு எது நின்றுபோனது? இவ்வினாவை எந்தக் கட்சியும் 2025ஆம் ஆண்டுப் பிரசாரத்தில் எழுப்பவில்லை எனில் அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும். எதுவும் நின்றுபோகவில்லை என்னும் விடை, முன்னர் எதுவும் நடந்திலது என்பதையும் உடன் சொல்லிவிடும்.

இன்று சபைகளில் அமர்ந்துள்ள உறுப்பினர்கள் 33ஆம் பிரிவின் தடை நீங்கிய பின் முழுப் பதவிக்காலத்தையும் தொடக்கத்திலிருந்தே பெறும் முதலாவது தொகுதியினர். அவர்களுக்கு முன்னிருந்தோர் சட்டம் இடந்தரவில்லை எனக் கூற முடிந்தது, இவர்களால் முடியாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் தோட்டப் பாதைகள் எத்தனை, அவற்றுட் சபை பொறுப்பேற்றவை எத்தனை, கம்பனிகளிடமிருந்து அறவிடப்பட்ட ஏக்கர் வரி எவ்வளவு, அத்தொகையில் எத்துணை தோட்டத்திற்குத் திரும்பியது என்னும் நான்கு எண்களை ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் சபையின் வாசலில் ஒட்டுதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டுவதில்லை. 2018இன் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்ற குடும்பங்கள் சிலவற்றுக்கு இன்று தமக்கென வாசலும் இலக்கமும் உண்டு. அவ்வாசலுக்கு வரும் பாதையின் பொறுப்பு கம்பனிக்கா சபைக்கா என்னும் தகராறு அங்கே இப்போதே தொடங்கிவிட்டது. அத்தகராற்றை இம்முறை சங்கக் காரியாலயத்திற்கு எடுத்துச் செல்லாமல் சபையின் கூட்டத்திற்கு எடுத்துச் செல்லும் வட்டார உறுப்பினர் எவர் என்பதை அவ்வீடுகளில் வாழ்வோர் கவனித்தவண்ணம் உள்ளனர்.